அலமாரியில் இருந்த குடற்பாசி

ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகள் கழிந்த நிலையில், நான் முன்பு கற்பித்த தாவரவியல் துறையிலிருந்து கடந்த மார்ச்சில் ஒரு வேண்டுகோள் வந்தது. உலர்தாவரத் தொகுப்பில் உள்ள கடற்பாசித் தாள்களின் பெயர்ச்சீட்டுகள் பழையனவாகிவிட்டன என்றும், அவற்றை இன்று வழங்கும் பெயர்களுக்கு மாற்றித் தர இயலுமா என்றும் கேட்டிருந்தார்கள். மொத்தம் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட தாள்கள்தாம். அவற்றில் பாதிக்கு மேல் நானே மாணவர்களுடன் சென்று சேகரித்தவை. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று ஒப்புக்கொண்ட வேலை மூன்று மாதம் நீண்டது. சிவப்புப் பாசிகளும் பழுப்புப் பாசிகளும் அவ்வளவாகத் தொல்லை தரவில்லை. என்னை நிறுத்தி வைத்தவை பச்சைப் பாசிகள். அவற்றிலும் குறிப்பாக இரண்டு தாள்கள்.

ஒன்று பாம்பன் பக்கத்துப் பாறையிலிருந்து ஜனவரி மாதத்தில் எடுத்தது. கைவிரல் அகல நாடாக்களாக, ஓரம் நெளிந்து, தாளோடு தாளாக ஒட்டிக் கிடக்கிறது. இதற்குப் பசை தேவைப்படவில்லை. தட்டில் நீர் வார்த்து, தாளை உள்ளே இட்டு, பாசியை அதன் மேல் மிதக்கவிட்டுத் தூக்கி, மேலே துணி போட்டு அழுத்தி வைத்தால், அதன் உடலில் உள்ள வழவழப்பே அதைத் தாளில் ஒட்டிவிடும். சீட்டில் உல்வா ஃபேசியேட்டா என்று எழுதியிருக்கிறேன். மற்றொன்று தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பகுதியில், நவம்பர் மழைக்குப் பிறகு எடுத்தது. மெல்லிய குழல், அதன் பக்கவாட்டில் எல்லாத் திசையிலும் மயிர்போன்ற குறுங்கிளைகள், மொத்தத்தில் பாட்டில் கழுவும் தூரிகையைப் போன்ற தோற்றம். சீட்டில் என்டெரோமார்ஃபா கம்ப்ரெஸ்ஸா என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதன் அருகில் ஒரு கேள்விக்குறியும் இருக்கிறது. அந்தக் கேள்விக்குறியை ஏன் இட்டேன் என்பது அன்றைக்கு எனக்கே தெளிவாகத் தெரிந்திருக்காது.

என்டெரோமார்ஃபா என்றால் கிரேக்கத்தில் குடல் வடிவம் என்று பொருள். வகுப்பில் இதைக் குடற்பாசி என்றுதான் சொல்லுவேன். மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள். கடற்பச்சைப் பாசிகளில் தாள்போல் விரிந்தவற்றையும் குழல்போல் உருண்டவற்றையும் பிரிப்பதற்கு நாங்கள் கற்றுத் தந்த முறை எளியது. கேரட் துண்டின் பிளவில் பாசியைச் செருகி, சவரக் கத்தியால் குறுக்காக மெல்லியதாய்ச் சீவி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இரண்டு செல் அடுக்குகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றால் உல்வா. ஒரே அடுக்கு வளையமாகச் சுற்றி நடுவில் வெற்றிடம் இருந்தால் என்டெரோமார்ஃபா. ஒரே அடுக்கு, ஆனால் தட்டையான தாள் என்றால் மோனோஸ்ட்ரோமா. இவ்வளவு தெளிவாகக் கையில் அகப்படும் பாகுபாடு பாசியியலில் அரிது என்பதால், செய்முறைத் தேர்வில் இதைக் கேட்பதில் எனக்குத் தனி விருப்பம் இருந்தது.

இந்தப் பாகுபாடு, உயிர்களுக்கு இருசொற்பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் இல்லை என்பதை அப்போது பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை. 1753-இல் அவர் உல்வா லாக்டூகா, உல்வா இன்டெஸ்டினாலிஸ், உல்வா கம்ப்ரெஸ்ஸா, உல்வா லின்சா ஆகியவற்றுக்குப் பெயரிட்டபோது, தாளையும் குழலையும் ஒரே பேரினத்தில் வைத்தார். 1820-இல் ஜெர்மானியரான லிங்க் குழல் வடிவங்களைப் பிரித்து என்டெரோமார்ஃபா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். அதன் பிறகு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் உலகெங்கும் பாசி நூல்கள் இந்தப் பிரிவின் மீதே எழுந்தன. சென்னையில் எம்.ஓ.பி. ஐயங்கார் உருவாக்கிய பாசியியல் மரபில் வந்த கே.ஆர். ராமநாதன், 1939-இல் என்டெரோமார்ஃபா கம்ப்ரெஸ்ஸாவின் ஒரு வகையில் தலைமுறை மாற்றத்தை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். இந்தப் பாசிகளில் கேமீட்டுகளை, அதாவது பாலணுக்களை, உண்டாக்கும் ஒற்றைமய (ஒரு தொகுதி குரோமோசோம் கொண்ட) உடலமும், இயங்குவித்துகளை, அதாவது நீந்தும் வித்துகளை, உண்டாக்கும் இரட்டைமய (இரு தொகுதி கொண்ட) உடலமும் கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கும். வெளிவரும் செல்லுக்கு நீந்த உதவும் கசையிழை இரண்டா நான்கா என்று எண்ணிப் பார்த்தால்தான் தாய் உடலம் எந்தத் தலைமுறை என்பது தெரியும். தோற்றத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பதற்கான முதல் எச்சரிக்கை அங்கேயே இருந்தது. நாங்கள் அதை இனப்பெருக்கம் என்ற பாடத்தில் படித்தோம். வகைப்பாடு என்ற பாடத்துக்குக் கொண்டுவரவில்லை.

2003-இல் ஹெய்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் பல நாட்டு உல்வாக்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லின்னேயஸ் சொன்னதே சரி என்று பொருள்படும்படி அதன் தலைப்பையே வைத்திருந்தார்கள். மரபுவழி மரத்தில் தாள் வடிவங்கள் ஒரு கிளையாகவும் குழல் வடிவங்கள் மற்றொரு கிளையாகவும் பிரியவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தே நின்றன. தாளாக இருப்பதும் குழலாக இருப்பதும் இந்த வமிசத்தில் மாறி மாறித் தோன்றிய நிலைகள் என்பதே அதன் பொருள். ஆகவே என்டெரோமார்ஃபா என்ற பேரினம் உல்வாவுக்குள் கரைந்தது. அதற்கு ஓராண்டு முன்னர் ஃபின்லாந்தின் பால்டிக் கரையில் இன்னும் விசித்திரமான ஒன்று தெரிய வந்திருந்தது. அங்கே கரையோரத்தில் பெருந்திரளாக மிதந்த, ஒரே செல் அடுக்குள்ள தாள்களை எங்கள் முறைப்படி யாரும் மோனோஸ்ட்ரோமா என்றே சொல்லியிருப்பார்கள். மரபணுவைப் பார்த்தபோது அது குடற்பாசியான இன்டெஸ்டினாலிஸ் என்று தெரிந்தது. குழல் ஒட்டிடத்தை விட்டு மிதந்து, பிளந்து, தாளாய் வளர்ந்துகொண்டிருந்தது. செய்முறைத் தேர்வில் நான் எத்தனை மதிப்பெண் கழித்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

என் முதல் தாளின் சிக்கல் வேறு வகை. உல்வா ஃபேசியேட்டா என்பது எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு டெலீல் 1813-இல் விவரித்த சிற்றினம். அகன்ற கீரைபோல் விரியும் லாக்டூகாவிலிருந்து அதை வேறுபடுத்துவது நாடாவாகப் பிளந்திருக்கும் வடிவம்தான் என்று நாங்கள் படித்தோம். 2019-இல் ஹியூயி உள்ளிட்டோர் லின்னேயஸின் சொந்தத் தொகுப்பில் காக்கப்படும், லாக்டூகா என்ற பெயருக்கே ஆதாரமான மூலமாதிரியிலிருந்தே மரபணுவைப் பிரித்துப் படித்தார்கள். அது ஃபேசியேட்டாவோடு ஒன்றாயிற்று. வெதுவெதுப்பான கடல்களில் வாழும் இந்தப் பாசிக்கே லாக்டூகா என்ற பெயர் உரியது. வட ஐரோப்பியக் கரைகளில் இரண்டரை நூற்றாண்டாக லாக்டூகா என்று அழைக்கப்பட்டது ஃபெனஸ்ட்ரேட்டா என்ற பெயருக்குப் போக நேர்ந்தது. எனவே என் தாளில் ஃபேசியேட்டாவை அடித்துவிட்டு லாக்டூகா என்று எழுதினேன். எங்கள் தொகுப்பில் லாக்டூகா என்றும் ஃபேசியேட்டா என்றும் தனித்தனி உறைகளில் இருந்த தாள்கள், மரபணுவால் சோதிக்கப்படாத நிலையிலும், ஒரே உறைக்குள் போகக்கூடியவை என்ற ஐயத்துடன் அடுத்தடுத்து வைக்கப்பட்டன.

இரண்டாவது தாளுக்கு இவ்வளவு எளிதாகத் தீர்வு கிடைக்கவில்லை. குழல் வடிவங்களில் கம்ப்ரெஸ்ஸாவையும் இன்டெஸ்டினாலிஸையும் பிரிக்க நூல்கள் சொல்லும் அடையாளம் கிளைதான்: கம்ப்ரெஸ்ஸா கிளைக்கும், இன்டெஸ்டினாலிஸ் பெரும்பாலும் கிளைக்காது. இவை இரண்டும் தனித்தனிச் சிற்றினங்கள் என்பதில் ஐயமில்லை. டி சில்வாவும் பரோஸும் 1973-இல் கலப்புச் சோதனை வழியாகக் காட்டியதைப் பின்னர் மரபணு ஆய்வும் உறுதி செய்தது. ஐயம் அடையாளத்தின் மீதுதான். 1978-இல் ரீடும் ரஸ்ஸலும், உப்பின் அளவு ஏறி இறங்கும் சூழலில் வளரும் இன்டெஸ்டினாலிஸ் தன் வழக்கத்தை மீறிப் பக்கமெல்லாம் குறுங்கிளைகளை விடுவதைப் பதிவு செய்தார்கள். அந்த வடிவத்துக்கு அவர்கள் இட்ட பெயர் பாட்டில் தூரிகை. புன்னைக்காயல் தாளைப் பார்த்து நானும் அதே உவமையைத்தான் எண்ணினேன் என்பதை இந்தக் கட்டுரையைப் படித்தபோது உணர்ந்து சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வடகிழக்குப் பருவமழையில் ஒரு கழிமுகத்தில் என்ன நடக்கிறது என்பதை நம் பக்கத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. கோடை முழுவதும் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் அளவிலோ அதற்கு மேலோ உப்பு நிற்கும் நீரில், ஒரே இரவில் ஆற்று வெள்ளம் புகுந்து எல்லாவற்றையும் ஏறத்தாழ நன்னீராக்கிவிடும். கடல் ஏறும்போது உப்பு திரும்பும், வற்றும்போது மறுபடி இறங்கும். உப்பு குறைந்தால் செல்லுக்குள் நீர் புகுந்து வீங்கும், கூடினால் நீர் வெளியேறிச் சுருங்கும். உல்வாவின் செல் இதைப் பல வழிகளில் சமாளிக்கிறது. முதலில் பொட்டாசியம் போன்ற அயனிகளை வேகமாக உள்ளே இழுத்தோ வெளியே தள்ளியோ சமன் செய்கிறது. பிறகு, சற்று மெதுவாக, புரோலின் போன்ற கரிமப் பொருள்களையும், நாவில் புரளாத நீண்ட பெயருடைய டைமெத்தில்சல்ஃபோனியோபுரோப்பியோனேட் என்ற கந்தகச் சேர்மத்தையும் கூட்டிக் குறைக்கிறது. இந்தச் சேர்மம் சிதையும்போது வெளிவரும் டைமெத்தில் சல்பைடு வாயுதான், கரையில் பாசி ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் நாம் கடல் வாசனை என்று சொல்லுவதில் பெரும்பங்கு. ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் மூச்சை இழுத்து, கடல் மணக்கிறது என்பார்கள். மணப்பது பாசியின் உப்புக்கணக்கு என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

இந்தத் தாங்குதிறன் எல்லா இன்டெஸ்டினாலிஸுக்கும் ஒன்றுபோல் இல்லை. அதே ரீடும் ரஸ்ஸலும் 1979-இல், வெவ்வேறு வாழிடங்களிலிருந்து எடுத்த குடற்பாசிகளை ஒரே நிலையில் வளர்த்துச் சோதித்தபோது, உப்பு மாற்றத்தைத் தாங்கும் ஆற்றலில் அவை வேறுபட்டன. ஒரு சிற்றினத்துக்குள்ளேயே அந்தந்த இடத்துக்குப் பழகிய கூட்டங்கள் இருக்கின்றன. எனவே சூழல் இந்தப் பாசியை இரண்டு விதமாக மாற்றுகிறது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது: ஓர் உடலம் தன் வாழ்நாளுக்குள்ளேயே உருவத்தை மாற்றிக்கொள்வது ஒன்று, தலைமுறைகளின் வழியே ஒரு கூட்டம் ஓர் இடத்துக்கு இசைவது மற்றொன்று. பெயர் வைக்க வரும் நாம் இரண்டையும் குழப்பிக்கொண்டு, முதலாவதற்கெல்லாம் சிற்றினப் பெயர் சூட்டிவிட்டு, இரண்டாவதைப் பெயரே இல்லாமல் விட்டுவிட்டோம்.

இது உல்வாவின் தனிக்குணமும் அன்று. கடற்பச்சைப் பாசிகளில் பெரும்பாலானவற்றை அடக்கும் உல்வோஃபைசியே வகுப்பில் உடல் அமைப்பின் வேறுபாடு வியக்கத்தக்கது. உல்வா பல செல்களால் ஆனது. கிளாடோஃபோராவிலும் கீட்டோமார்ஃபாவிலும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பல உட்கருக்கள். அசிட்டபுலேரியா குடைபோல் நிமிர்ந்து நின்றாலும் ஒரே செல், ஒரே உட்கரு. காலெர்பா பல மீட்டர் நீண்டு படர்ந்தாலும் உள்ளே குறுக்குச் சுவரே இல்லை. அந்தக் காலெர்பாவில், திராட்சைக் கொத்துப்போல் காய்த்திருக்கும் ரசெமோசாவின் ஒரு வகையை 1987-இல் ஓபாவும் எனோமோட்டோவும் வெவ்வேறு வெளிச்சத்திலும் வெப்பத்திலும் வளர்த்தார்கள். ஒரே தாயிலிருந்து வந்த துண்டு, நிலைமை மாறியபோது, உருண்டைகளை விட்டுத் தட்டுப்போன்ற தலைகளை உண்டாக்கியது. நூல்களில் அந்தத் தட்டு வடிவத்துக்குத் தனிப் பெயர் இருந்தது.

இதுவரை சொன்னது உப்பும் ஒளியும் வெப்பமும் செய்த வேலை. மூன்று மாதத்தில் பெரும்பகுதியை நான் செலவிட்டது வேறொன்றில்: பாசியின் மேல் ஒட்டி வாழ்பவை. மாமரக் கிளையில் ஒட்டியிருக்கும் ஆர்க்கிடைத் தொற்றுத்தாவரம் என்று பாடநூல் சொல்லுகிறது. புல்லுருவியைப்போல் அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, இடம் மட்டுமே கேட்கிறது என்று பிரித்துக் காட்டுவோம். கடலில் இந்தச் சொல் போதவில்லை. ஒட்டுபவற்றில் பாக்டீரியாக்களும், கண்ணாடிபோன்ற ஓடுடைய ஒருசெல் பாசிகளான டயாட்டங்களும், பிற பாசிகளும் புழுக்களும் உண்டு. எனவே தொற்றுயிர் என்றே எழுதுகிறேன், நோய்த்தொற்றை நினைவூட்டும் குறை அதில் இருந்தாலும்.

மாதிரி சேகரிக்கும் ஒழுங்கில் நாங்கள் முதலில் செய்வது என்ன? மென்மையான தூரிகையால் பாசியைக் கடல்நீரில் தேய்த்துக் கழுவி, மேலே இருப்பவை எல்லாவற்றையும் அகற்றிவிட்டுத்தான் தாளில் ஏற்றுவோம். கழுவாத தாளை அழுக்குத் தாள் என்று சொல்லித் திருப்பித் தந்திருக்கிறேன். அதே தொகுப்பில் இருக்கும் ஒரு கீட்டோமார்ஃபா தாள், சரியாகக் கழுவப்படாததால், பச்சை இழை தெரியாமல் பழுப்பாக இருக்கிறது. அந்தப் பழுப்பு டயாட்டம். கிளாடோஃபோரா, கீட்டோமார்ஃபா ஆகியவற்றின் சுவர் கரடுமுரடான செல்லுலோஸ். வழவழப்பு இல்லாததால் காக்கோனிஸ் போன்ற டயாட்டங்கள் தம் ஓட்டைப் பாசியின் மேற்பரப்பில் தட்டையாகப் பதித்து ஒட்டிக்கொள்கின்றன, லிக்மோஃபோரா போன்றவை பசைக்காம்பு விட்டு விசிறியாக நிற்கின்றன. முதலில் தட்டையானவை, அவற்றின் மேல் காம்புள்ளவை, அவற்றுக்கு இடையில் வண்டல் என்று சிறு காடே அடுக்கடுக்காக எழும்பும். பக்கத்துப் பாறையில் உள்ள உல்வாவோ பெரும்பாலும் வழித்துவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும். அடிப்பகுதியிலும் முதிர்ந்த ஓரத்திலும் மட்டும் கூட்டம் தெரியும்.

ஒளிக்காக வாழும் உயிருக்குத் தன் மேல் இன்னொன்று நிழல் விழ வளருவது சிறு தொல்லை அன்று. நிழலோடு, நீரிலிருந்து வரும் நைட்ரேட்டையும் கரியமிலப் பொருளையும் மேலே இருப்பவை முதலில் எடுத்துக்கொள்ளும். அலையின் இழுவிசையும் கூடும். இதைச் சமாளிக்கப் பாசிகள் கொண்டிருக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அவ்ரென்வில்லியா லாங்கிகாலிஸ் செய்வது. 1999-இல் லிட்லர் இணையர் எழுதியபடி, கரீபியக் கடலில் வாழும் இந்தப் பச்சைப் பாசி, தொற்றுயிர்கள் மொய்த்த இலைத்தகட்டைச் சுத்தம் செய்ய முயலுவதில்லை. உள்ளே குறுக்குச் சுவர் இல்லாத உடல் என்பதால், அந்தத் தகட்டிலிருந்து செல்பொருளைப் பின்னிழுத்துக்கொண்டு, பக்கத்தில் புதிய தகட்டை விரைவாக முளைக்கவிட்டு, பழையதை அதன் மேல் குடியிருப்பவர்களோடு சேர்த்துக் கைவிட்டுவிடுகிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி மன்றாடுவதை விட, வீட்டையே விட்டுவிட்டுப் போவது சிக்கனம் போலும்.

உல்வாவின் சுத்தத்துக்கு ஒரு பகுதிக் காரணம் அதன் மேல் இருக்கும் வேறு தொற்றுயிர்களே. அதன் மேற்பரப்பிலிருந்து கிடைக்கும் சூடோஆல்டெரோமோனாஸ் டியூனிகேட்டா என்ற பாக்டீரியம் பிற பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் கடல் விலங்குகளின் இளவுயிரிகளையும் பாசி வித்துகளையும் ஒட்டவிடாமல் தடுக்கும் பொருள்களைச் சுரக்கிறது. தடுக்கப்படும் பாசி வித்துகளில் உல்வாவின் வித்துகளும் அடக்கம் என்பது வேடிக்கை. வாசலில் நிற்கும் காவலன் வீட்டுப் பிள்ளைகளையும் உள்ளே விடுவதில்லை.

பச்சையின் மேல் பச்சையாக ஒட்டி வாழும் ஒரு கூட்டமும் உண்டு. உல்வெல்லா என்பது உல்வாவின் துறையையே சேர்ந்தது. ஆனால் அது நுண்ணிய இழைகளாகப் பிற பாசிகளின் மேலும், செல் சுவர்களின் ஊடேயும் படர்ந்து வாழ்கிறது. இவற்றை எந்தப் பாசியின் மேல் கண்டார்கள், சுவருக்கு வெளியிலா உள்ளேயா, மயிரிழை இருந்ததா இல்லையா என்பவற்றைக் கொண்டு அக்ரோகீட்டே, என்டோகிளாடியா என்றெல்லாம் பல பேரினங்கள் எழுந்தன. 2013-இல் நீல்சனும் குழுவினரும் இவற்றைத் தனியாக வளர்த்து, மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்து, அக்ரோகீட்டே உள்ளிட்டவற்றை உல்வெல்லாவுக்குள் சேர்த்தார்கள். தாங்கும் பாசிக்கு 2003-இல் நேர்ந்தது ஒட்டும் பாசிக்குப் பத்தாண்டு கழித்து நேர்ந்தது.

இனி நான் சொல்ல வந்த இடம். உல்வாவின் மேல் இருப்பவை எல்லாவற்றையும், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் வரை, முழுதாகக் கழுவிவிட்டால் என்ன கிடைக்கும்? சுத்தமான உல்வா கிடைக்கும் என்றுதான் தோன்றும். 1950-களின் இறுதியில் புரோவசோலி இதைச் செய்து பார்த்தார். கிடைத்தது உல்வாவே அன்று. தாளும் இல்லாமல் குழலும் இல்லாமல் ஒழுங்கற்ற செல் திரளாகவும் சிறு இழைகளாகவும் அது வளர்ந்தது. தாளாக விரிவதற்கு வேண்டிய ஏதோ ஒன்றை அதன் மேல் இருந்தவை தந்துகொண்டிருந்தன. 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர் மட்சுவோவும் குழுவினரும் அந்தப் பொருள்களில் ஒன்றைப் பிரித்து அதற்குத் தலுசின் என்று பெயரிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மோனோஸ்ட்ரோமா ஆக்சிஸ்பெர்மம், பாக்டீரியா இல்லாவிட்டால் தனித்தனிச் செல்களாக உதிர்ந்துவிடும். மிக நுண்ணிய அளவு தலுசின் சேர்த்தால் தாளாகச் சேர்ந்து வளரும். அந்தப் பாசிக்கும் இப்போது கயிரேலியா என்று பெயர் மாறிவிட்டது என்பதைக் கசப்புடன் குறிப்பிடுகிறேன்.

2012-இல் ஸ்போர்னர், விக்கார்ட் முதலியோர் உல்வா மியூட்டபிலிஸைக் கொண்டு இதை இன்னும் தெளிவாக்கினார்கள். போர்த்துக்கல்லின் தென்கரையிலிருந்து முதலில் எடுக்கப்பட்டுச் சோதனைச்சாலைகளில் நெடுங்காலமாக வளர்க்கப்படும் இந்தப் பாசிக்கு, முழு உருவம் பெற இரண்டு பாக்டீரியாக்கள் போதும்: ஒரு ரோசியோவேரியஸ், ஒரு மாரிபாக்டர். முதலாவதை மட்டும் சேர்த்தால் செல் பிரிதல் சீராகிறது, ஆனால் பற்றுறுப்பும் சுவரும் கோணலாகவே இருக்கின்றன. இரண்டாவதை மட்டும் சேர்த்தால் பற்றிழைகளும் சுவரும் சரியாகின்றன, உடலம் நீளவில்லை. இரண்டும் சேர்ந்தால் குழல். மாரிபாக்டர் சுரப்பதும் தலுசின்தான் என்பது 2020 வாக்கில் உறுதியாயிற்று. மாறுவது என்று பொருள்படும் மியூட்டபிலிஸ் என்ற பெயருடைய இந்தப் பாசியே மரபணுவின்படி கம்ப்ரெஸ்ஸாவோடு ஒன்று என்று பின்னர் தெரிந்தது. என் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் அதே கம்ப்ரெஸ்ஸா.

அப்படியானால், நாங்கள் கத்தியால் சீவி, அடுக்கை எண்ணி, பெயர் சொன்ன அந்த உருவம் பாசி தனியாக உண்டாக்கியது அன்று. உப்பும் அலையும் ஒரு பங்கு. தூரிகையால் தேய்த்து நீரில் விட்டோமே, அவை ஒரு பங்கு. இந்தத் தேவை வித்துப் பருவத்திலேயே தொடங்குகிறது. 2002-இல் ஜாயின்ட் உள்ளிட்டோர் காட்டியபடி, நீந்தி அலையும் உல்வாவின் இயங்குவித்து, பாக்டீரியாக்கள் தமக்குள் பேசிக்கொள்ளச் சுரக்கும் வேதிக் குறிகளை உணர்ந்து, அந்தப் பாக்டீரியப் படலம் உள்ள இடத்திலேயே அமருகிறது. யாரோடு வாழப் போகிறோம் என்று பார்த்துவிட்டே குடியேறுகிறது.

ஆனால் அந்த யாரோ என்பவருக்கும் நிலையான பெயர் இல்லை. சிட்னிக் கரையில் எடுத்த உல்வா ஆஸ்திரேலிஸ் உடலங்களின் பாக்டீரியாக்களை 2011-இல் பர்க்கும் குழுவினரும் ஒப்பிட்டபோது, உடலத்துக்கு உடலம் பாக்டீரியச் சிற்றினங்களில் ஒற்றுமை வெறும் 15 விழுக்காடுதான்; அவற்றின் மரபணுக்கள் செய்யும் வேலைகளில் ஒற்றுமையோ 70 விழுக்காடு. கோயில் திருவிழாவில் தேர் இழுப்பவர்கள் ஆண்டுதோறும் மாறலாம், வடம் பிடிக்க ஆள் இருந்தால் போதும் என்பது போன்றது இது. வகைப்பாட்டில் ஊறிய எனக்கு இந்த முடிவை ஏற்க நாள் பிடித்தது.

ஒட்டுவதும் ஒட்டப்படுவதும் இடம் மாறும் ஒரு நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். 2008 கோடையில், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன், சீனாவின் சிங்தாவ் கரையைப் பச்சைப் பாசி மூடியது. பத்து லட்சம் டன்னுக்கு மேல் அள்ளி அகற்றினார்கள். அது குழல் வடிவ உல்வா புரொலிஃபெரா. அதன் தொடக்கம் சிங்தாவில் இல்லை. தெற்கே ஜியாங்சு கரையில் நோரி என்ற சிவப்புப் பாசியைக் கயிற்றிலும் மிதவையிலும் பயிரிடும் பரப்புகளில் இருந்தது. அந்தக் கயிறுகளில் தொற்றி வளர்ந்த உல்வாவை, பருவ முடிவில் சுரண்டிக் கழித்துவிடுவார்கள். கழிக்கப்பட்ட குழலுக்குள் வாயு தங்குவதால் அது மிதக்கிறது; சத்து மிகுந்த நீரில் மிதந்தபடியே வளர்ந்து காற்றோடும் நீரோட்டத்தோடும் வடக்கே போகிறது. உல்வாவைத் துண்டாக்கினால் அது சில நாள்களில் வித்துகளை வெளியிடும் குணமும் உடையது. சுரண்டியது அழிப்பு ஆகாமல் விதைப்பாயிற்று. ஒட்டி நின்றபோது சிறு களையாக இருந்தது, பிடி விட்டபோது பெருந்திரளானது. அதன் பின் ஆண்டுதோறும் மஞ்சள் கடலில் இது நிகழ்கிறது.

மூன்றாம் மாத முடிவில் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய சீட்டுகளைக் கிழிக்கவில்லை. அவற்றின் கீழே புதிய பெயரை ஒரு சிறு துண்டில் எழுதி, தேதியிட்டு ஒட்டினேன். எல்லா என்டெரோமார்ஃபாக்களும் உல்வாக்களாயின. புன்னைக்காயல் தாளில் மட்டும் சிற்றினப் பெயரை எழுதவில்லை. உல்வா என்று எழுதி, நவம்பர், மழைக்குப் பின், கழிமுகம், வற்றம், கழுவப்பட்டது என்று சேர்த்தேன். கடைசிச் சொல்லைப் பார்த்துவிட்டுத் துறையில் இப்போது பணியாற்றும் இளம் ஆசிரியை, ஐயா, இதை எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டார். கழுவியதால் இனிக் கேட்க முடியாத கேள்விகள் சில இந்தத் தாளில் இருக்கின்றன என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, அடுத்த களப்பயணத்தில் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துண்டைக் கழுவாமல் தனிக் குப்பியில் போட்டு வைக்கச் சொல்லுகிறேன் என்றார். பழைய கேள்விக்குறி மேல் சீட்டில் அப்படியே இருக்கிறது.